சிமெண்ட் ஷீட்டிலிருந்து ஓட்டுக்கு: கோபி அருகே ஓர் அடுப்படிச் சீரமைப்பு

வீடும் வீட்டாரும்

ஈரோடு மாவட்டத்தில் கோபிசெட்டிபாளையத்துக்கும் சத்தியமங்கலத்துக்கும் இடையே, கொடிவேரி அணையிலிருந்து பிரியும் தடப்பள்ளி வாய்க்காலின் பாசனத்தில் அமைந்த ஒரு சிற்றூரில் இந்த வீடு இருக்கிறது. நெல்லும் மஞ்சளும் வாழையும் மாறி மாறி விளையும் பூமி அது. ஏறத்தாழ 60 ஆண்டுகளுக்கு முன் கட்டிய சீமை ஓட்டு வீட்டில் முன்னால் ஆசாரம் என்னும் கூடமும் நடுவே இரண்டு அறைகளும் பின்னால் பொடக்காளி என்னும் புழக்கடையும் உள்ளன. சுமார் 25 ஆண்டுகளுக்கு முன், எரிவாயு அடுப்பு வந்தபோது, பழைய அடுப்படியை இடித்துவிட்டு அதே அக்கினி மூலையில் (தென்கிழக்கில்) 14 அடிக்கு 12 அடி அளவில் ஹாலோ பிளாக் சுவரும் சிமெண்ட் ஷீட் கூரையுமாக ஒரு சமையலறையைச் சேர்த்திருந்தார்கள். இந்தக் குறிப்பு அந்தச் சமையலறையைப் பற்றியது.

குடும்பத்தில் ஐந்து பேர்: நாற்பதுகளில் இருக்கும் கணவனும் மனைவியும், எழுபதைக் கடந்த கணவரின் தாயார், பள்ளியில் படிக்கும் மகளும் மகனும். கட்டுத்தறியில் அப்போது இரண்டு கலப்பினப் பசுக்களும் ஓர் எருமையும் ஒரு கிடாரிக் கன்றும் நின்றன. தினமும் இருவேளைச் சமையல் மருமகளுடையது. களி கிண்டுவதும் இடியாப்பம் போன்ற சந்தகைக்கு மாவு வேகவைப்பதும் மாமியாருடையவை. அவற்றை அவர் விறகடுப்பைத் தவிர வேறெதிலும் செய்ய ஒப்புவதில்லை.

கடையில் கொடுத்த வரைபடம்

2023 பிப்ரவரியில் அந்த வீட்டு மருமகள் ஒரு வரைபடத்தோடு, வீடு சீரமைக்கும் வேலை செய்யும் என்னிடம் வந்தார். சமையலறை அலமாரி செய்து தரும் ஒரு கடையில் அதைக் கொடுத்திருந்தார்கள். இயற்கைக்கு உகந்த மாடுலர் கிச்சன் என்று அதன் தலைப்பில் இருந்தது. மதிப்பீடு ரூ. 4.3 லட்சம். அது உண்மையிலேயே இயற்கைக்கு உகந்ததுதானா என்பதே அவருடைய கேள்வி.

பழைய கடப்பாக் கல் மேடையை உடைத்தெடுத்துவிட்டுக் கிரானைட் போடுவது, நல்ல நிலையில் இருந்த சிவப்புச் சிமெண்ட் தரையின் மேல் டைல்ஸ் ஒட்டுவது, ஷீட் கூரையின் அடியில் பொய்க்கூரை கட்டி அதை மறைப்பது, மரத்தூள் பலகையில் அலமாரிகள் செய்வது, மின்சாரப் புகைபோக்கி பொருத்துவது என்பதாக அந்தத் திட்டம் இருந்தது. மூங்கில் என்று அதில் குறிக்கப்பட்டிருந்தது மூங்கில் நிறத்தில் அச்சிட்ட மேல்தாள் மட்டுமே. மரத்தூள் பலகையை இறுக்கப் பெரும்பாலும் பார்மால்டிஹைடு கலந்த பசையையே பயன்படுத்துகிறார்கள். புதிதில் அதன் ஆவி அறைக்குள் கசியும். தண்ணீர் பட்டால் பலகை ஊதிப் பிளக்கும். கழுவுதொட்டியின் அடியில் அதை வைத்தால் சில ஆண்டுகளில் குப்பைக்குத்தான் போகும். ஆயினும் என்னை உறுத்தியது பலகையைவிடப் பொய்க்கூரைதான். அந்த ஷீட்டை மறைப்பது அந்த வீட்டின் மிகப் பெரிய கேட்டை மறைப்பதாகும் என்று எனக்குப் பட்டது.

மூன்று வாரக் குறிப்பேடு

வரைபடம் எதுவும் போடுவதற்கு முன் அந்த அடுப்படி எப்படி இயங்குகிறது என்று பார்க்க வேண்டும் என்றேன். கதவின் நிலைக்காலில் ஓர் ஆணியடித்து ஒரு நோட்டுப் புத்தகத்தைத் தொங்கவிட்டோம். மார்ச் மாதத்தில் மூன்று வாரம், ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகள் அதில் எழுதிவந்தாள்.

வெப்பம் முதலில் தெரிந்தது. பிற்பகல் 3 மணிக்கு, அடுப்பு எரியாதபோதே, தலை உயரத்தில் 41 டிகிரி செல்சியஸ் இருந்தது. அதே நேரத்தில் ஓட்டுக் கூரையின் கீழுள்ள ஆசாரத்தில் 36 டிகிரிதான். ஒரே ஜன்னல் தென்மேற்குச் சுவரில் இருந்தது. வைகாசியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று எழுந்துவிட்டால் அடுப்புத் தீ அணைகிறது என்று அதைச் சாத்திவிடுவார்களாம். காற்று மிகுந்த மாதங்களில்தான் அந்த அறைக்குள் காற்றே இல்லை. பகலிலும் டியூப் லைட் எரிந்தது.

14.2 கிலோ சிலிண்டர் ஒன்று சராசரியாக 24 நாள் வந்தது. அதாவது ஒரு நாளைக்கு ஏறத்தாழ 0.6 கிலோ. குளிக்க வெந்நீருக்கும் களிக்கும் தென்னை மட்டையும் பாளையும் எரிந்தன. அந்த விறகடுப்பு சமையலறையின் பின்மூலையில், புகைபோக வழியில்லாமல் இருந்தது. கழுவுதொட்டியில் நாளொன்றுக்குச் சுமார் 140 லிட்டர் தண்ணீர் போனது. தொட்டியின் வாயில் வாளியை வைத்து எண்ணிய கணக்கு இது. அதில் பெரும்பங்கு, குழாயைத் திறந்துவிட்டுப் போசிகளை (பாத்திரங்களை) தேய்க்கும்போது ஓடியது.

என் முதல் குறிப்பில் மக்கு உரத் தொட்டி ஒன்று வைக்கலாம் என்று எழுதியிருந்தேன். மூன்று வாரமும் அந்த வீட்டில் மக்கவைக்கக் கழிவே இல்லை. காய்த்தோலும் வடித்த கஞ்சியும் அரிசி கழுவிய நீரும் கழனித் தொட்டிக்குப் போய் மாட்டு வயிற்றில் சேர்ந்தன. அந்த வரியை அடித்துவிட்டேன். வீட்டைப் பார்க்காமல் எழுதும் யோசனைகள் இப்படித்தான் தவறிப்போகின்றன.

குறிப்பேட்டில் ஏறாத ஒன்றை மாமியார் சொன்னார். விறகடுப்பை எடுத்துவிடலாமா என்று நான் கேட்டபோது, "பொகை வந்தா வரட்டுமுங்க தம்பி, அது போற வழியைக் காட்டுங்க, அது போதும்" என்றார். கூரையைப் பற்றிய முடிவு அந்தச் சொல்லிலிருந்துதான் பிறந்தது.

கூரை

அக்காலத்தில் நம் பக்கம் விற்ற சிமெண்ட் ஷீட்டுகள் பெரும்பாலும் வெள்ளை ஆஸ்பெஸ்டாஸ் நாரைச் சிமெண்டோடு சேர்த்து வார்த்தவை. முழு ஷீட்டாக அசையாமல் இருக்கும்வரை ஆபத்து குறைவு. உடைத்தாலும் துளையிட்டாலும் அறுத்தாலும், வெயிலிலும் மழையிலும் மேற்பரப்பு உதிர்ந்தாலும், கண்ணுக்குத் தெரியாத நார்கள் காற்றில் கலந்து நுரையீரலில் தங்கிவிடும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் வகையில் வைத்திருக்கிறது. இந்த அடுப்படியில் ஷீட்டின் உட்புறம் புகையில் கறுத்து, போல்ட் போட்ட துளைகளைச் சுற்றி விரலால் தொட்டாலே மாவாக உதிர்ந்தது. அதன் நேர் கீழே இட்லிப் பானை இருந்தது.

ஷீட்டை எடுப்பது என்று முடிவானதும், எப்போது எடுப்பது என்பதே பெரிய கேள்வியாக இருந்தது. காற்று தொடங்கிவிட்டால் தூசி ஊர் முழுக்கப் போகும். ஆகவே சித்திரை முடிவதற்குள், காற்றில்லாத ஒரு விடியற்காலையில் அதைச் செய்தோம். முந்தைய நாள் பாத்திரம் பண்டம் எல்லாவற்றையும் ஆசாரத்துக்கு மாற்றினோம். பிள்ளைகளும் மாமியாரும் பக்கத்து ஊரில் உறவினர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். மருந்தடிக்கும் தெளிப்பானில் சோப்புத் தண்ணீர் நிரப்பி ஷீட்டை இருபுறமும் சொட்டச் சொட்ட நனைத்தோம். வேலையாட்கள் நால்வருக்கும் நுண்துகளைத் தடுக்கும் முகமூடி கொடுத்தோம். துண்டைக் கட்டிக்கொள்வது இதற்கு உதவாது. துருப்பிடித்த போல்ட்டுகளைச் சுத்தியால் தட்டாமல் இரும்பறுக்கும் ரம்பத்தால் அறுத்து, 11 ஷீட்டுகளையும் ஒவ்வொன்றாகக் கயிற்றில் இறக்கினோம். ஒன்று மட்டும் இறங்கும்போது மூலையில் உடைந்தது. உடைந்த துண்டுகளை ஈரத்தோடே எடுத்துப் பையில் கட்டினோம். பிறகு தரையையும் சுவரையும் சீமாறு போடாமல் ஈரத்துணியால் மட்டுமே துடைத்தோம். அந்தத் துணிகளும் அதே பைக்குள் போயின.

பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஷீட்டுகளைக் கோழிக் கொட்டகைக்குக் கேட்டார். கொடுத்துவிட வீட்டுக்காரருக்கு விருப்பம். வீணாக்கக் கூடாது என்பதுதானே இந்த வேலையின் நோக்கம் என்று அவர் கேட்டதில் நியாயமிருந்தது. ஆயினும் மறு பயன்பாடு என்ற நல்ல பழக்கத்துக்கு இங்கே எல்லை உண்டு என்று நான் உறுதியாகச் சொன்னேன். நம் வீட்டிலிருந்து எடுத்த நஞ்சை இன்னொருவர் வீட்டில் ஆணியடித்து மாட்டுவது சீரமைப்பாகாது. கனமான பிளாஸ்டிக் தாளில் இரண்டு சுற்றுச் சுற்றி, மேலே பெயிண்டில் எழுதி, கட்டுத்தறியிலிருந்து விலகிய ஒரு மூலையில் அடுக்கி வைத்தோம்.

புதிய கூரைக்கு வேண்டிய சீமை ஓடுகள் பக்கத்து ஊரில் இடிபட்டுக்கொண்டிருந்த ஒரு பழைய வீட்டிலிருந்து வந்தன. ஓட்டைச் சுடுவதற்கான விறகு எப்போதோ எரிந்து முடிந்துவிட்டது; நாம் எடுக்காவிட்டால் அவை பள்ளம் நிரப்பப் போயிருக்கும். தட்டிப் பார்த்து மணியோசை கேட்டவற்றை மட்டும் எடுத்தோம். மந்தமாக ஒலிப்பது விரிசல் விட்ட ஓடு. ஓடுகளைத் தாங்கும் சாய்வுக் கைகளுக்குப் பழைய பனஞ்சட்டங்கள் கிடைத்தன. வெளிச்சத்துக்கு மூன்று கண்ணாடி ஓடுகளைப் பதித்தோம். முகட்டில் இரண்டடி நீளத்துக்குக் கூரையைச் சற்றே உயர்த்தி, இருபுறமும் திறந்த ஒரு புகைவழியை விட்டோம். தென்மேற்கு ஜன்னலுக்கு முன்னால் வெளிப்புறத்தில் ஒரு குட்டைச் சுவரை மறைப்பாக எழுப்பியதால், காற்று தீயின் மேல் நேராக மோதாமல் தாழ்வாக நுழைந்து, சூடேறி, முகட்டின் வழியே வெளியேறியது. மின்சாரப் புகைபோக்கிக்குத் தேவையில்லாமல் போயிற்று.

சுவர், மேடை, அலமாரி

எண்ணெய்ப் பெயிண்ட் கொப்பளித்திருந்த சுவரைக் கொத்திவிட்டுச் சுண்ணாம்புக் காரை பூசினோம். சுண்ணாம்பைச் சுடும்போதும் கரியமில வாயு வெளியேறத்தான் செய்கிறது. ஆனால் அதற்கு 900 டிகிரி அளவு வெப்பம் போதும். சிமெண்டின் மூலப்பொருளை வேகவைக்க ஏறத்தாழ 1,450 டிகிரி வேண்டும். மேலும் பூசிய சுண்ணாம்பு, வெளியேறிய வாயுவில் ஒரு பகுதியைக் காற்றிலிருந்து மெல்லத் திரும்ப உறிஞ்சித்தான் இறுகுகிறது. அப்படி இறுகுவதற்கு ஈரம் தேவை. இங்கேதான் தவறினோம். சிமெண்ட் பூச்சுக்குப் பழகிய கொத்தனார் கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைச் சரியாகவே கலந்தார். ஆனால் வைகாசி வெயிலில் பூச்சு ஒரே நாளில் உலர்ந்து, கிழக்குச் சுவர் முழுதும் நூலிழைபோல வெடித்துவிட்டது. நகத்தால் கீறினால் பொடியாக வந்தது. அந்தச் சுவரை மறுபடி பூசி, நனைத்த சாக்குகளைத் தொங்கவிட்டு இரண்டு வாரம் ஈரம் காத்தோம். வேலை பதினெட்டு நாள் தள்ளிப்போயிற்று. அடுப்புக்குப் பின்னால் மட்டும் சுண்ணாம்பு வேண்டாம் என்று பழைய கடப்பாக் கல் துண்டுகளைப் பதித்தோம். மஞ்சளும் எண்ணெயும் தெறிக்கும் இடத்தில் சுண்ணாம்பு கறையைக் குடித்துவிடும்.

பழைய மேடையின் உயரம் 34 அங்குலம். மருமகளின் உயரம் ஐந்தடிக்கும் குறைவு. சோற்றுப் போசியைக் கிளறும்போது தோளைத் தூக்கியே நிற்கிறார் என்பதைக் குறிப்பேட்டு நாட்களில் பார்த்திருந்தேன். கல்லைக் கழற்றி 31 அங்குல உயரத்தில் மறுபடி வைக்க முயன்றபோது அது நடுவே இரண்டாகப் பிளந்தது. புதுக்கல் வாங்குவதற்குப் பதில், பிளவு வந்த இடத்தையே கழுவுதொட்டியின் இடமாக்கி, இரண்டு துண்டுகளையும் இருபுறமும் வைத்தோம்.

அலமாரிக்கு, ஓடு வாங்கிய அதே வீட்டின் தேக்குக் கதவுகளும் வேப்பம் பலகைகளும் உதவின. பாதித் தட்டுகளுக்குக் கதவே போடவில்லை. ஆசாரி ஆளி விதை எண்ணெய் தேய்த்து மெருகேற்றினார். அந்த எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடும் என்பதால், விரித்துக் காயவைத்தே அப்புறப்படுத்தச் சொன்னேன். அட்டாலியும் (பரணும்) சிவப்புத் தரையும் இருந்தபடியே இருக்கின்றன.

சாண எரிவாயு

சிலிண்டர் செலவைக் குறைக்க, கட்டுத்தறிச் சாணத்திலிருந்து எரிவாயு எடுக்கும் கலன் ஒன்றைக் கட்ட முடிவுசெய்தோம். ஒரு கன மீட்டர் சாண எரிவாயுவுக்கு ஏறத்தாழ 25 கிலோ பச்சைச் சாணம் வேண்டும். அது சுமார் 0.43 கிலோ சமையல் எரிவாயுவுக்கு ஈடான வெப்பத்தைத் தரும். கட்டிக்கொடுக்க வந்தவர் நாளுக்கு இரண்டு கன மீட்டர் வாயு தரும் கலனையே வற்புறுத்தினார். நாங்கள் மூன்று வாரம் சாணத்தை எடைபோட்டிருந்தோம்: பகலில் மாடுகள் மேயப் போய்விடுவதால் கட்டுத்தறியில் கிடைத்தது நாளுக்குச் சராசரியாக 32 கிலோதான். மேலும் மீத்தேன் எரியாமல் காற்றில் கசிந்தால், 100 ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப்போல ஏறத்தாழ 28 மடங்கு புவியைச் சூடாக்கும். பெரிய கலன் கட்டிப் பாதி நாள் அரைகுறையாகவும் மீதி நாள் வாயுவைத் திறந்துவிட்டும் நடத்துவதைவிடச் சிறியதை முழுமையாகப் பயன்படுத்துவதே மேல் என்று ஒரு கன மீட்டரில் தீனபந்து வகை நிலைக்கலனை (அசையாத குவிமாட மூடியுள்ள கலனை) கட்டினோம். வாயு கசியக் கூடாது என்பதால் இதற்குச் சிமெண்ட்தான் பூசினோம். இதில் பிடிவாதம் காட்டவில்லை.

சாணமும் தண்ணீரும் சம அளவில் கரைத்து நிரப்பினோம். முதலில் வந்த வாயு எரியவில்லை. அதில் கரியமில வாயுவே மிகுதி. நான்காம் வாரம் நீலச் சுடர் நின்றது. மாமியார் அதில் முதலில் பால் காய்ச்சினார்.

ஆவணியில் சுடர் விட்டுவிட்டுத் துடிப்பதாகச் செய்தி வந்தது. போய்ப் பார்த்தால், குழாய் ஓரிடத்தில் தொய்ந்து அதில் நீர் தேங்கியிருந்தது. சாண வாயு ஈரத்தோடு வரும். அது குழாயில் குளிர்ந்து நீராகும். குழாயை ஒரே சரிவாக்கி, தாழ்ந்த முனையில் நீரை வடிக்க ஒரு திறப்பை வைத்ததும் துடிப்பு நின்றது. இதைக் கட்டும்போதே செய்திருக்க வேண்டும்.

கழுவு நீர்

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். குழாய் வாயில் நீரைச் சிதறவிடும் சல்லடை பொருத்தி, தேய்க்க ஒன்றும் அலச ஒன்றுமாக இரண்டு குண்டாக்கள் வைத்ததில் 140 லிட்டர் 80 லிட்டராகக் குறைந்தது. அந்த நீர் இரண்டு அறைகள் கொண்ட கொழுப்புப் பிடிப்பான் வழியாக, ஜல்லி நிரப்பிக் கல்வாழை நட்ட வாய்க்காலில் இறங்கி, கதலி வாழைக்குப் போகிறது. நாற்பதாம் நாள் நாற்றமெடுத்தது. ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்புச் சட்டிகளின் கொழுப்பு முதல் அறையை அடைத்திருந்தது. மாமியார் தாமே தீர்வு சொன்னார்: தேங்காய் நாரும் அடுப்புச் சாம்பலும் கொண்டு சட்டியை முதலில் வழித்தெடுத்துவிட்டுப் பிறகு தண்ணீரில் போடுவது. சோப்பு வந்தபின் அந்த வீட்டில் மறந்துபோயிருந்த பழக்கம் அது. இப்போது மாதம் ஒருமுறை பிடிப்பானைத் திறந்து வழித்தால் போதுமானதாக இருக்கிறது.

ஓராண்டுக்குப் பிறகு

மொத்தச் செலவு ரூ. 2.6 லட்சம், அதில் பாதிக்கு மேல் கூலி. 2024 மார்ச்சில் அதே ஆணியில் அதே நோட்டைத் தொங்கவிட்டு மறுபடி அளந்தோம். பிற்பகல் 3 மணி வெப்பம் 37 டிகிரி. பகலில் விளக்கு எரியவில்லை. சிலிண்டர் 55 முதல் 60 நாள் வருகிறது. மார்கழியில் குளிரால் சாண வாயு குறைந்தபோது மட்டும் 45 நாளில் தீர்ந்தது. இடையில் ஒரு பசுவை விற்றுவிட்டார்கள். பெரிய கலன் கட்டியிருந்தால் அது அன்றோடு நின்றிருக்கும். கலனிலிருந்து வெளிவரும் கரைசல் மஞ்சள் காட்டுக்குப் போகிறது.

ஐப்பசி மழையில் முகட்டுப் புகைவழியில் சாரல் அடித்து அரிசி மூட்டை ஒன்று நனைந்தது. மேல்மூடியை இருபுறமும் 9 அங்குலம் நீட்டியபின் அந்தத் தொல்லை இல்லை. விறகடுப்பு அந்தப் புகைவழியின் நேர் கீழே இடம்பெயர்ந்திருக்கிறது. களி இன்றும் அதில்தான். சுவரில் புகை படியும் உயரம் ஆளின் தலைக்கு மேலே போய்விட்டது. மருமகளுக்குக் காலையில் வந்துகொண்டிருந்த இருமல் குறைந்திருப்பதாக அவரே சொல்கிறார். அதற்குக் கூரைதான் காரணம் என்று என்னால் நிறுவ முடியாது. ஆயினும் எனக்கு அது மகிழ்ச்சி தந்த செய்தி.

மாற்றிச் செய்ய வேண்டியவை

இதே வேலை மறுபடி வந்தால் சுண்ணாம்புப் பூச்சைக் கோடையில் தொடங்க மாட்டேன். கூரையை மட்டும் சித்திரையில் முடித்துவிட்டு, பூச்சை ஆவணிக்குப் பின் வைத்துக்கொள்வேன். சுண்ணாம்பு வேலை அறிந்த மூத்த கொத்தனார் ஒருவரை இரண்டு நாளாவது உடன் நிறுத்துவேன். கொழுப்புப் பிடிப்பானைத் திறந்து வழிக்கும் வேலை யாருடையது என்பதை முதல் நாளே வீட்டாரோடு பேசி முடிவுசெய்வேன். இந்த வீட்டில் அது கேட்பாரின்றி மருமகளின் தலையில் விழுந்தது. இப்போது மகன் செய்கிறான்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஷீட்டை இறக்குவதற்கு முன்பே அது எங்கே போகப்போகிறது என்பதைத் தீர்த்துவைத்திருப்பேன். அபாயகரமான கழிவை முறைப்படி ஏற்கும் இடத்துக்கு 11 ஷீட்டுகளை மட்டும் ஒரு வண்டியில் அனுப்ப ஆகும் செலவைக் குடும்பத்தால் ஏற்க முடியவில்லை. ஊரில் இன்னும் சில வீடுகள் கூரை மாற்றும்போது எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பலாம் என்று பேசி வைத்திருக்கிறோம். அதுவரை அவை அதே மூலையில் இருக்கின்றன. வெயிலில் பிளாஸ்டிக் தாள் நைந்துபோவதால் சென்ற மாதம் போய் மூன்றாவது சுற்றுச் சுற்றிவிட்டு வந்தேன்.